எடுத்துக் கொடுத்த வரி

1

இந்தக் கதை ஒரு குற்றத்திலிருந்து பிறந்தது என்று தொடங்கினால் எடுப்பாக இருக்கும். ஆனால் அது குற்றந்தானா என்று எனக்கே தெரியவில்லை. தெரிந்திருந்தால் கதை எழுத மாட்டேன். வாயைத் திறந்து சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பேன். ஆகவே தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். நேற்று, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால் மணிக்கு, ஆறாம் வார்டில், நாலு பேர் எதிரில் என் அண்ணனுக்கு ஒரு வரியை எடுத்துக் கொடுத்தேன். மொத்தம் நான்கு சொல். அதை அவர் திருப்பிச் சொன்னார். அதை வைத்து அவருடைய வலது காலின் கதி முடிவாகிவிட்டது. காலோடு நின்றால் பரவாயில்லை.

இன்று புதன். மணி ஒன்று. நாலு மணிக்கு டாக்டர் வருகிறார். அதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். (அல்லது எழுதுவதை விட்டுவிட்டு உள்ளே போய் அண்ணியிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். யோக்கியன் இரண்டாவதைத்தான் செய்வான். நான் இரத்தப் பரிசோதனைத் தாள்களின் பின்பக்கத்தில் முதலாவதைச் செய்துகொண்டிருக்கிறேன்.)

2

அந்தப் பேச்சு உங்களுக்குத் தெரியும். நாடகமே பார்க்காதவர்களுக்கும் தெரியும். ஒருவன் மேடையில் தனியாக நின்று, உயிரோடு இருப்பதால் ஏதாவது பயன் உண்டா என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வான். உலகம் முழுக்கக் கைதட்டு வாங்கிய பேச்சு. அதை இங்கே எடுத்து எழுதப் போவதில்லை. எங்களுக்குக் கிடைத்ததும் அசல் இல்லை.

நானும் அண்ணனும் ஒரே பாட்டில் தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். அவர் பகலில் லாரிகளில் சரக்கு ஏற்றும் பகுதிக்கு மேஸ்திரி. நான் இரவில் பாட்டில் பார்ப்பவன். வருடம் ஒரு முறை, கம்பெனி விழாவில், தொழிலாளர்கள் அரைமணி நேரம் நாடகம் போடலாம் என்று ஒரு சலுகை இருந்தது. ஸ்டோர் கிளார்க் ஒருவர் எங்கேயோ அந்தப் பேச்சைப் படித்துவிட்டு, மூலத்தை மூடிவைத்துவிட்டு, தன் இஷ்டத்துக்கு ஒன்று எழுதினார். பேசுகிறவன் இளைஞனாக இருந்தால் அண்ணனின் தொப்பை இடிக்கும் என்பதால் அவனை மன்னராக்கினார். அந்த மன்னர் பேசுவது இதுதான்:

“நிற்கட்டுமா, போகட்டுமா? நின்றால் வெயில். போனால் இருட்டு. வெயிலின் சூடு எனக்குத் தெரியும். இருட்டின் ஆழம் யாருக்குத் தெரியும்? தெரியாத இருட்டுக்குப் பயந்து தெரிந்த வெயிலில் கருகிக்கொண்டு நிற்கிறேன். போதும். என்னைப் போக விடுங்கள். யாரிடம் கேட்கிறேன்? என்னை யாரும் பிடித்துவைக்கவில்லையே. வாசல் திறந்துதான் கிடக்கிறது. பிறகு ஏன் என் கால் நகர மாட்டேன் என்கிறது?”

(கடைசியில் கால் வருவதற்கு நான் பொறுப்பில்லை. கிளார்க் எழுதியது. கதைக்காக நான் சேர்த்தேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.)

முதல் வருடம் அண்ணன் “கருகிக்கொண்டு நிற்கிறேன்” வரைக்கும் வந்து மறந்துபோனார். வியர்த்துப்போய் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். இடப்பக்கத் திரைக்குப் பின்னால் நோட்டோடு நின்றவன் நான். “போதும், என்னைப் போக விடுங்கள்” என்று உதட்டை அசைத்துக் கொடுத்தேன். அவர் பிடித்துக்கொண்டார். அந்த இடைவெளியை நடிப்பு என்று நினைத்து மானேஜர் எழுந்து நின்று கைதட்டினார். அன்றிலிருந்து அண்ணனுக்குத் தொழிற்சாலையில் பெயர் மன்னர். கேண்டீனில் “மன்னருக்கு ஒரு டீ” என்றுதான் சத்தம் வரும்.

அந்த வருடத்தையும் சேர்த்துப் பதினான்கு வருடம் அதே நாடகம், அதே இடத்தில் அதே மறதி. ஒருமுறை கேட்டேன், “அந்த ஒரு வரிய நெட்டுரு போட்டா என்னண்ணே?” என்று. “எதுக்கு? நீதான் நிக்கிறியே” என்றார். அந்த வரியை அவர் கற்றுக்கொள்ளவே இல்லை. அது அவர் தலையில் இல்லை. என் வாயில் இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வழக்கில் எனக்கு எதிரான முதல் சாட்சி இதுதான்.

அந்தப் பேச்சைப் பற்றி எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. இப்போதே கொட்டிவிடுகிறேன். இருப்பதா வேண்டாமா என்று யோசிக்க ஒருவனுக்கு முதலில் சும்மா நிற்க இடம் வேண்டும். பதினைந்து வருடம் நான் வெள்ளை விளக்குப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து ஓடுகிற பாட்டில்களைப் பார்த்தேன். விரிசல் இருந்தால் விரலால் தட்டிவிட வேண்டும். கீழே தொட்டியில் விழுந்து நொறுங்கும், உருக்கி மறுபடி பாட்டிலாக்குவார்கள். ஒவ்வொன்றும் இருக்கலாமா கூடாதா என்று தீர்மானிக்க எனக்குக் கிடைத்தது கண் சிமிட்டும் நேரம். மன்னருக்கோ இரண்டு நிமிடம், மேடை, விளக்கு, கைதட்டு. என்னை மாதிரி ஆட்கள் வாழ்க்கையைப் பற்றிக் கேட்ட ஒரே கேள்வி, “மணி என்ன?” என்பதுதான். ஒரு நாள் பதில் பிடிக்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன். தத்துவம் எல்லாம் இல்லை. கண் எரிந்தது.

3

கைவிட்ட தொடக்கங்கள். ஒளித்துவைக்க மனமில்லை.

[“ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிரு] மழை பெய்யவில்லை. ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தின் ஜன்னல்தான் இருந்தது. அதில் ஒரு பிளாஸ்டிக் வாளி.

[“மன்னர் படுத்திருந்தார். அவருடைய நாட்டின் தென்கோடியில் கலகம் மூண்டு] காலைத்தான் அப்படிச் சொல்லப் பார்த்தேன். கறுத்துப்போன ஐந்து விரலுக்கு உவமை தேடுகிறவனைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

[“என் நண்பன் ஒருவனுடைய அண்ணனுக்கு ஒருமுறை] இது கோழைத்தனம். ஆனால் மூன்றிலும் இதுதான் சரளமாக வந்தது. முக்கால் பக்கம் நிற்காமல் ஓடியது. பொய்க்குக் கை கூசாது போலிருக்கிறது.

4

ஆறு மாதம் முன்னால் அண்ணன் குளியலறையில் விழுந்தார். மூளையில் இரத்த அடைப்பு. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போயின. மூன்றாவது வாரம், ஆஸ்பத்திரியில், பேச்சுப் பயிற்சி தருகிற பெண் வந்தாள். சின்னப் பெண், கையில் படம் போட்ட அட்டைகள். அண்ணனால் பூனைக்குப் பூனை என்று சொல்ல முடியவில்லை. ஒன்று, இரண்டு எண்ணச் சொன்னாள். பத்து வரை எண்ணிவிட்டார். “பழைய மனப்பாடம் ஏதாவது இருக்கா?” என்று எங்களைக் கேட்டாள். நான் நாடகத்தைச் சொன்னேன். அவள் அவரிடம் குனிந்து, “மன்னரே, ஆரம்பிங்க” என்றாள்.

ஆரம்பித்தார். “நிற்கட்டுமா, போகட்டுமா?” குரல் கொஞ்சம் கரகரத்ததே தவிர, ஏற்ற இறக்கம் அப்படியே இருந்தது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான்கூட. “கருகிக்கொண்டு நிற்கிறேன்” என்றதும் நின்றார். இடப்பக்கம் பார்த்தார். என் உதடு அசைவதற்குள் அந்தப் பெண் கையை நீட்டித் தடுத்தாள். “எடுத்துக் கொடுக்காதீங்க சார். அவராத் தேடட்டும். நீங்க கொடுத்துட்டா தேடறதையே விட்டுடுவார்.”

அவர் தேடவில்லை. சற்று நேரம் காத்திருந்துவிட்டு மறுபடி “நிற்கட்டுமா” என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அவரிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான் என்பது வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது. டீ வேண்டுமா என்றால் “நிற்கட்டுமா, போகட்டுமா?” என்பார். “ஒரு டீக்கு இவ்வளவு யோசனையா, குடிங்க” என்பார் அண்ணி. கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவன், தன்னைப் போகச் சொல்கிறார் என்று கோபித்துக்கொண்டு போனான். தலையாட்டுவதையும் நம்ப முடியாது. பயிற்சிப் பெண் எங்களுக்குப் புரியவைக்க ஒரு நாள் அவரிடம் கேட்டாள், “நீங்க பொம்பளையா?” அண்ணன் பலமாக ஆமாம் என்று தலையாட்டினார்.

“முப்பது வருஷமா எங்கிட்ட மறைச்சுட்டாரு பாரு” என்றார் அண்ணி. அன்றுதான் அந்த வீட்டில் கடைசியாகச் சிரித்தோம்.

நான் அந்தப் பெண்ணைத் தனியாகக் கேட்டேன். “அப்ப அவரு சொல்றதுக்கு அர்த்தமே இல்லையா?”

“மனப்பாடம் ஒரு அலமாரில இருக்கு சார், பேச்சு இன்னொரு அலமாரில. ரெண்டாவதுதான் எரிஞ்சுபோச்சு. உள்ளுக்குள்ள அவருக்கு என்னமோ தோணும். ஆனா வாயில வர்றதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு நம்பிடாதீங்க.”

ஆறு மாதம் அவளுடைய உத்தரவை மீறவில்லை. ஒரு நாளைக்கு இருபது தடவையாவது அண்ணன் அந்த இடத்துக்கு வந்து நிற்பார், என்னைப் பார்ப்பார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு சும்மா இருப்பேன். ஒரு தடவைகூட எடுத்துக் கொடுக்கவில்லை. இது இரண்டாவது சாட்சி. இதுவும் எனக்கு எதிரானதுதான், கொஞ்சம் பொறுங்கள்.

5

கால். சர்க்கரை நோய் அவருக்குப் பழசு. போன மாதம் கட்டைவிரலில் ஒரு கொப்புளம். உணர்ச்சி இல்லாத கால் என்பதால் அவருக்கும் தெரியவில்லை, காலுறையை மாற்றிவிடும் எனக்கும் நான்கு நாள் தெரியவில்லை. (நான்கு நாள் காலுறையை மாற்றவில்லை என்பதை இப்படியும் எழுதலாம்.) ஐந்து விரலும் கறுத்து, கறுப்பு மேலே ஏறத் தொடங்கியதும் இங்கே கொண்டுவந்தோம்.

நேற்று டாக்டர் சுற்றிவளைக்காமல் சொன்னார். “முழங்காலுக்குக் கீழ எடுத்துடணும்மா. எடுக்கலன்னா விஷம் இரத்தத்துல கலந்துடும். அப்புறம் ஒரு வாரம் தாங்கறதே கஷ்டம். எடுத்தா பிழைக்க வாய்ப்பிருக்கு. ஆனா இதயம் பலவீனமா இருக்கு, மேஜைலயே ஏதாவது ஆகலாம், அதையும் சொல்லிடறேன். நீங்க கையெழுத்துப் போட்டா நாளைக்கே செஞ்சுடலாம்.”

அண்ணி தையல் கம்பெனியில் சட்டைக் காலர் மட்டும் தைக்கிறவர். இருபது வருடமாகக் காலர் மட்டும். முழுச் சட்டை அவர் தைத்துப் பார்த்ததில்லை. எதையும் தன் பகுதிவரைக்கும் கச்சிதமாகச் செய்வார், மிச்சத்துக்கு அடுத்த ஆளைப் பார்ப்பார். படிவத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, “அவரக் கேக்காம எப்படி டாக்டர்?” என்றார்.

டாக்டர் நல்ல மனிதர். அதுதான் வினையாகப் போயிற்று. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அண்ணனின் இடது கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். “ஐயா, உங்க கால எடுத்தாத்தான் உயிர் தங்கும். எடுக்கலாமா? வேண்டாமா?”

அண்ணன் அவரையே பார்த்தார். பிறகு ஆரம்பித்தார். “நிற்கட்டுமா, போகட்டுமா?”

டாக்டருக்கு இது புதிது. அவர் முகம் மாறியது. நர்ஸ் ஊசியைக் கீழே வைத்தார். பக்கத்துப் படுக்கைக்காரர், குடலிறக்கத்துக்கு வந்தவர், நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பதால் வார்டே அவரை வானொலி என்று கூப்பிடும், அவர்கூட வாயை மூடிக்கொண்டார். நின்றால் வெயில். போனால் இருட்டு. கருகிக்கொண்டு நிற்கிறேன்.

நின்றார். இடப்பக்கம் திரும்பினார். நான் அங்கேதான் நின்றிருந்தேன்.

“போதும், என்னைப் போக விடுங்கள்.” சத்தம் இல்லை, உதடு மட்டும்.

“போதும்” என்றார் அண்ணன். “என்னைப் போக விடுங்கள்.” அதோடு மூச்சு இரைத்தது. இருமல் வந்தது. நர்ஸ் அவரைச் சாய்த்துப் படுக்கவைத்தார். மன்னர் தன்னையே கேலி செய்துகொள்ளும் மிச்ச வரிகளை யாரும் கேட்கவில்லை.

டாக்டர் அண்ணனின் கையை மெல்லக் கட்டிலில் வைத்தார். “இவ்வளவு தெளிவா ஒரு பேஷண்ட் சொல்லி நான் கேட்டதில்ல” என்றார். அண்ணி படிவத்தை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்தார். “அவரே சொல்லிட்டாரு.”

“நாளைக்கு நாலு மணி வரைக்கும் யோசிங்க. அதுக்கு மேல தள்ள முடியாது” என்று எழுந்து போனார் டாக்டர்.

சாயங்காலத்துக்குள் வானொலி ஒலிபரப்பை முடித்துவிட்டார். “நமக்கெல்லாம் அந்த நேரத்துல ‘தண்ணி, தண்ணி’ன்னுதான் வாயில வரும். அவருக்குப் பாரு, என்னமா வருது. ராஜா வீட்டுப் பொறப்பு கெட்டுது போ.” மாடியிலிருந்து ஆட்கள் வந்து அண்ணனை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பயிற்சிப் பெண் இந்த வாரம் விடுப்பு. அவள் இருந்திருந்தால் ஒரு வார்த்தையில் முடித்திருப்பாள். அவள் இல்லாததால் உண்மை தெரிந்த ஒரே ஆள் நான்.

6

இந்த இடத்தில் தம்பி என்ற பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது.

அவன் சொல்வது இது: பதினான்கு வருடப் பழக்கம், உதடு தானாக அசைந்துவிட்டது. வேறொருவர் எழுதிய கதையில் படித்தால் நம்பியிருப்பேன். இருமலைப்போல, கொட்டாவியைப்போல என்று நானே ஒரு உவமைகூடக் கொடுத்திருப்பேன். ஆனால் அந்தப் பயல் ஆறு மாதம், நாளைக்கு இருபது தடவை, நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தவன். கணக்குப் போட்டால் மூவாயிரத்துக்கு மேல் வருகிறது. மூவாயிரம் தடவை அடங்கிய உதடு, டாக்டர் உயிரைப் பற்றிக் கேட்ட அந்த ஒரு தடவை மட்டும் பழக்கத்தில் அசைந்ததாம்.

வாசகர்கள் நோக்கம் கேட்பீர்கள். தருகிறேன். வேலையை விட்ட மறு மாதம் அண்ணன் விழுந்தார். “நீ சும்மாதானே இருக்க” என்று எல்லோரும் சொன்னார்கள், அண்ணியைத் தவிர. அண்ணி சொல்லவில்லை, காலை ஏழு மணிக்குச் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார், அவ்வளவுதான். எண்பத்தைந்து கிலோ மன்னரைப் புரட்டுவது, துடைப்பது, படுக்கைத் துணியை மாற்றுவது எல்லாம் நான். இரவு முழுக்க விழித்தே பழகியவனுக்குப் பகலில் தூங்கத்தான் தெரியும். பகலெல்லாம் அவர் என்னைப் பார்த்து, நிற்கட்டுமா போகட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம், துணியைப் பிழிந்துகொண்டே, “போய்த் தொலையேன்” என்று சொல்லியிருக்கிறேன். சத்தமாகத்தான் சொன்னேன். அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

[எனக்கு அவர்மேல் பாசம் இல்லாமல் இல்லை. சின்ன வயதில் ஒருமுறை அவர் என்னை] வேண்டாம். பாசத்துக்குச் சான்று தேடி சின்ன வயதுக்கு ஓடுகிறவன் மாட்டிக்கொண்ட ஆள்.

ஆக, அது பழக்கமா, விருப்பமா? உள்ளே போய்ப் பார்க்க முடிந்தால் பார்ப்பேன். அண்ணனின் மூளையைப் படம் எடுத்தார்கள், எரிந்த இடம் கறுப்பாகத் தெரிந்தது. என்னை யாரும் படம் எடுக்கவில்லை.

அந்தப் பேச்சைப் பற்றி மேதைகள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்களாம். இருப்பு, இன்மை, அச்சம், சுதந்திரம். ஒருத்தரும் திரைக்குப் பின்னால் நிற்கிறவனைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை. மேடையில் ஒருவன் தன்னந்தனியாகத் தன் உயிரைப் பற்றி முடிவெடுக்கிறான் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். எட்டடி தள்ளி இன்னொருவன் நோட்டோடு நிற்கிறான். சாகலாமா என்று யோசிக்கிறவன் எவனும் தனியாக யோசிப்பதில்லை. அவன் செத்தால் தூங்கலாம் என்று இருக்கிற யாரோ ஒருவர் பக்கத்திலேயே இருப்பார், பெரும்பாலும் நல்லவராகவும் இருப்பார்.

7

மணி இரண்டரை. முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று. தம்பி அண்ணியிடம் சொல்லிவிடுகிறான். அண்ணி கையெழுத்துப் போடுகிறார். கால் போகிறது, அண்ணன் பிழைக்கிறார். இன்னும் பத்து வருடம் மன்னர் கட்டிலில் இருந்துகொண்டு நிற்கட்டுமா போகட்டுமா என்று கேட்கிறார். தம்பி நல்லவன் ஆகிறான், தூக்கம் இல்லாத நல்லவன். குறை: தம்பிக்குச் சாதகமாக முடிகிறது. அண்ணன் உள்ளுக்குள் உண்மையிலேயே போதும் என்று நினைத்திருந்தால்? அதை யாரும் விசாரிக்கவில்லை.

முடிவு இரண்டு. தம்பி சொல்லவில்லை. அடுத்த செவ்வாய்க்குள் எல்லாம் முடிகிறது. தொழிற்சாலை வாசலில் பேனர், அண்ணன் கிரீடம் வைத்த படம், கீழே அந்த நான்கு சொல். ஸ்டோர் கிளார்க் பெருமையில் அழுகிறார். குறை: நன்றாக இருக்கிறது. எழுதும்போது எனக்கே பிடித்துவிட்டது. அதனால் அடித்துவிட்டேன்.

முடிவு மூன்று. [பயிற்சிப் பெண் விடுப்பை ரத்து செய்துவிட்டு மூன்றே முக்காலுக்கு ஓடி வரு] இல்லை. அவள் தன் அக்காவைப் பார்க்கப் போயிருக்கிறாள். போகட்டும்.

8

இந்தப் பகுதியும் அடுத்ததும் வேறொரு நாள் எழுதியவை. எந்த நாள் என்று சொன்னால் முடிவு தெரிந்துவிடும்.

அந்தப் புதன்கிழமை மூன்றரை மணிக்கு அண்ணி வார்டிலிருந்து வெளியே வந்து, நடையில் நான் உட்கார்ந்திருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

“என்ன எழுதற?”

“ஒண்ணுமில்ல அண்ணி. கதை.”

“எங்க கதையா?”

“ம்.”

“அதுல நான் எப்படி இருக்கேன்?”

“காலர் தைக்கறீங்க.”

“அது சரி. காலர் தைக்கிறவளுக்கு வேற என்ன தெரியும்னு போட்டிருப்ப.”

நான் தாள்களை மடித்தேன். இனிமேலும் தள்ளிப்போட முடியாது என்று தெரிந்தது. “அண்ணி, நேத்து அண்ணன் சொன்னது அவரு சொன்னது இல்ல. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.”

அண்ணி திரும்பவில்லை. எதிர்ச் சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “தெரியும்.”

“என்ன தெரியும்?”

“பதினாலு வருஷமும் மொத வரிசைல, இடது ஓரத்துலதான் எனக்கு சீட்டு. அங்கேருந்து பார்த்தா, உன் பக்கம் திரும்பறப்ப உங்கண்ணனோட முதுகுதான் தெரியும். நீதான் நல்லாத் தெரிவ, திரைக்குப் பின்னாடி, வாயக் குவிச்சுக்கிட்டு. நாடகம்னு நான் பார்த்ததே உன் வாயத்தான். நேத்தும் பார்த்தேன்.”

“அப்புறம் ஏன் ‘அவரே சொல்லிட்டாரு’ன்னு சொன்னீங்க?”

“நீ ஏன் எடுத்துக் கொடுத்த?”

ஒரு தள்ளுவண்டி கடகடவென்று போனது.

“தெரியல அண்ணி.”

“எனக்கும் தெரியலன்னு வச்சுக்க.” புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “யாராவது ஒருத்தர் சொல்லிட்டாப் போதும்னு இருந்துச்சு. அவரு வாயில வந்துதா, உன் வாயில வந்துதான்னு பாக்கற நெலமைல நான் இல்ல. ராத்திரி பூரா ஒக்காந்து பார்த்தேன். நிம்மதியாத் தூங்கினாரு. எனக்குத்தான் அவரு மூஞ்சியப் பாக்க முடியல.”

“கையெழுத்துப் போடுங்க அண்ணி. நான் பாத்துக்கறேன்.”

“நீயா? ஆறு மாசத்துல நீ பாதி ஆளா ஆயிட்ட. உன்ன யாரு பாத்துக்கறது?” கோபம் இல்லை, காலரின் அளவு சொல்வதுபோலச் சொன்னார். பிறகு எழுந்தார். “வா. இன்னொரு தடவ கேட்டுப் பாப்போம். நான் கேக்கறேன். நீ வாயத் திறக்காத.”

“அவரு எதுவும் புதுசா சொல்ல மாட்டாரு. அந்தப் பொண்ணு சொல்லிச்சே.”

“சொல்ல வேணாம். நாம எடுத்துக் கொடுக்காம ஒரு தடவ கேட்டோம்னு இருக்கட்டும்.”

9

அண்ணன் விழித்துத்தான் இருந்தார். வானொலியைப் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அண்ணி கட்டிலின் வலப்பக்கம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நான் வழக்கமான இடப்பக்கம். போய்விடவா என்று சைகை காட்டினேன். நில் என்று அண்ணி சைகை காட்டினார்.

“இந்தாங்க, இங்க பாருங்க. கால எடுக்கணுங்கறாங்க. எடுத்தா வலி இருக்கும், கஷ்டம் இருக்கும், ஆனா எங்ககூட இருப்பீங்க. எடுக்கலன்னா போயிடுவீங்க. என்ன பண்ணட்டும், சொல்லுங்க.”

அண்ணன் ஆரம்பித்தார். நிற்கட்டுமா, போகட்டுமா. அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லாக. நாடகத்தில்கூட இவ்வளவு நிதானமாகச் சொன்னதில்லை. வெயில். இருட்டு. கருகிக்கொண்டு நிற்கிறேன்.

நின்றார். என்னைப் பார்த்தார்.

வாயை மூடிக்கொண்டேன். அது போதாது என்று பட்டு, கையால் பொத்திக்கொண்டேன். அண்ணி என்னைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்தார். வழக்கமாகப் பத்து நொடிக்குள் அண்ணன் முதல் வரிக்குத் திரும்பிவிடுவார். அன்று திரும்பவில்லை. என்னிடமிருந்து கண்ணை எடுத்தார். கூரையைப் பார்த்தார். பிறகு அண்ணியை. உதடு பிரிந்தது. தொண்டை அசைந்தது. அந்தப் பெண் சொன்ன தேடுவது என்பது இதுதானோ என்று நினைத்தேன்.

வார்டுக் கதவு திறந்தது. டாக்டர். மணி நாலு.

“என்ன முடிவு பண்ணீங்க?” என்றார் அவர். அண்ணி கையை உயர்த்தி, பேசாதீர்கள் என்று தடுத்தார். டாக்டர் அப்படியே நின்றார். அண்ணனின் உதடு இன்னும் மூடவில்லை.

இங்கே நிறுத்துகிறேன். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு சொல் வந்தது, அல்லது வரவில்லை. ஒரு கையெழுத்து விழுந்தது, அல்லது விழவில்லை. நான் எதை எழுதினாலும், அதை அண்ணன் சொன்னாரா, எனக்கு வேண்டியதை நான் சொல்லவைத்தேனா என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. என்னாலும் முடியாது. அந்தச் செவ்வாய்க்கிழமை வார்டில் செய்ததைத் தாளில் இன்னொரு முறை செய்ய எனக்கு இஷ்டமில்லை.

படித்துக்கொண்டு வரும்போதே கால் போகட்டும் என்றோ, ஆள் போகட்டும் என்றோ நீங்கள் ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். வராமல் இருந்திருக்க முடியாது. அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் வந்து சொல்லாதீர்கள். எங்கள் குடும்பத்துக்கு எடுத்துக் கொடுக்கிறவன் ஒருத்தனே அதிகம்.